இளையோரும் இணையத் தொடர்பும்: சுங்காயிலிருந்து ஒரு பார்வை



இலக்கணமும் இலக்கியமும் பேசப்பட்டு வந்த இந்தச் சொற்பொழிவு வரிசையில், கைப்பேசியைப் பற்றிப் பேச நான் வந்திருக்கிறேன். தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவர், "இது மொழி மன்றத்திற்கு உரிய பொருள்தானா?" என்று ஐயுற்றார். அவருக்கு நான் சொன்ன விடையையே இவ்வுரைக்கும் தொடக்கமாக வைக்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு நாளில் பள்ளிப் பயிற்றேட்டில் எழுதுவதைவிடக் கைப்பேசித் திரையில் எழுதுவதே மிகுதி. ஒரு தலைமுறை எங்கே மிகுதியாக எழுதுகிறதோ, அங்கேதான் அதன் மொழி வாழ்கிறது, அல்லது நலிகிறது. ஆதலால் மொழி மன்றம் அந்தத் திரையைப் பார்க்காமல் இருக்க இயலாது.

மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். நம் இளையோர் இணையத்தின் வழி யாரோடு, எதற்காகத் தொடர்பு கொள்கின்றனர்? அந்தத் தொடர்பில் தமிழுக்கு என்ன நேர்கிறது? பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்கது என்ன? எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நான் பணியாற்றிய சுங்காய் வட்டாரத்தவை. ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே, பழைய நெடுஞ்சாலையில், பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் நடுவே இருக்கும் சிற்றூர் அது. ஆனால் இங்கே சொல்லப்படுவது பேராக் மாநிலத்தின் எந்தத் தோட்டப்புற ஊருக்கும் பொருந்தும்.

தொடர்பு கொள்ளும் ஆசை புதியதன்று

"எந்த நேரமும் கைப்பேசியே கதி" என்பது இன்று எல்லா வீடுகளிலும் கேட்கும் குறை. இக்குறையைச் சொல்லும் தலைமுறை, தன் இளமையில் எவ்வாறு தொடர்பு கொண்டது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் தொடர்புக்குக் கருவி தேவைப்படவில்லை. லயத்து வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. ஒரு வீட்டில் தாளிப்பது அடுத்த வீட்டுக்குத் தெரியும். பள்ளி விட்டு வந்தால் திடல், திடலை விட்டால் கோயில், இருட்டியபின் குழாயடி. பெரட்டுக்களத்தில் விடியற்காலையில் பெரியவர்கள் கூடியபோது ஊர்ச் செய்தி முழுவதும் அங்கே பரிமாறப்பட்டது. தோட்டத்திற்கு வெளியே இருந்தவரோடு தொடர்பு கொள்ளத்தான் வழி தேட வேண்டியிருந்தது.

அந்த வழியை முதலில் இளையோருக்குத் திறந்துவிட்டவை நாளிதழ்கள். 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு, 1950-களில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியை நடத்தியது. தோட்டப்பள்ளி மாணவர்கள் அதற்கு எழுதினார்கள். தம் பெயரை அச்சில் கண்டார்கள். பார்த்தறியாத ஊர்களில் இருந்த தம் வயதுப் பிள்ளைகளைப் பெயரால் அறிந்தார்கள். அந்த எழுத்துறவிலிருந்தே தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் கிளைத்தன. இந்நாட்டின் எழுத்தாளர் பலர் அந்தப் பக்கங்களில் எழுதிப் பழகியவர்கள். பின்னர்ப் பேனா நண்பர்கள் வந்தனர். வானொலியில் நேயர் விருப்பம் வந்தது. ஒரு பாட்டைக் கேட்பதற்காக அஞ்சலட்டையில் பத்துப் பெயர்களை எழுதி அனுப்பினோம். அந்தப் பத்துப் பெயரும் ஒலிக்கும்போது அடைந்த மகிழ்ச்சிக்குப் பாட்டு மட்டும் காரணமாக இருக்கவில்லை. நாம் ஒரு கூட்டம் என்பதை நாடு கேட்க அறிவித்த மகிழ்ச்சி அது. இன்று புலனத்தில் தன் நிலைப்பதிவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணும் பிள்ளையின் மனமும் அதே மனந்தான்.

ஆக, ஆசை பழையது, கருவி புதியது. ஆனால் கருவி மாறியதற்கு ஓர் ஊர்க்காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது.

சிதறிய ஊரும் சேர்க்கும் திரையும்

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளரே தோட்டம் வாங்க வேண்டும் என்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்த இடரை எதிர்கொள்ளத்தான். பின்னர் ரப்பர் இருந்த இடங்களைச் செம்பனை பிடித்துக்கொண்டது. செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பட்டணங்களை நோக்கி நகர்ந்தன. லயங்கள் வெறுமையாயின. ஒரே வரிசையில் வாழ்ந்தவர்கள் கிள்ளானிலும் ரவாங்கிலும் ஜொகூரிலும் சிதறிப் போயினர்.

எஞ்சி இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு சிறிய சிதறல் ஆண்டுதோறும் நிகழ்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு ஒரே வகுப்பில் இருந்தவர்கள், ஆறாம் ஆண்டு முடிந்ததும் வெவ்வேறு இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிகிறார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்பு நான்கு பள்ளிகளுக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். புதிய பள்ளியில் ஒரு வகுப்பில் தமிழ்ப் பிள்ளை இரண்டு பேர், சில வேளை ஒருவர். மாலையில் பார்க்கலாம் என்றால் வீடுகள் தொலைவில் இருக்கின்றன. பேருந்து குறைவு. பெண் பிள்ளைகளைத் தனியே அனுப்பப் பெற்றோர் அஞ்சுகிறார்கள். திடல் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. அந்தப் பிள்ளைகள் எங்கே கூடுவார்கள்? புலனத்தில் ஒரு குழுவைத் தொடங்கி, அதற்குப் பழைய தோட்டத்தின் பெயரையும் வகுப்பு முடித்த ஆண்டையும் சூட்டி, அங்கே கூடுகிறார்கள்.

அமெரிக்க ஆய்வாளர் டேனா பாய்ட், அந்நாட்டு இளையோர் பலரை நேரில் சந்தித்துப் பேசி 2014-இல் 'இட்ஸ் காம்ப்ளிகேட்டட்' என்னும் நூலை வெளியிட்டார். இளையோர் பெரும்பாலும் இணையத்தில் தேடுவது அயலாரை அல்லர், தம் பள்ளித் தோழரையே என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. வெளியே சென்று கூடுவதற்கான இடமும் நேரமும் உரிமையும் குறைந்துவிட்டதால்தான் அவர்கள் திரையில் கூடுகிறார்கள் என்றும் அவர் விளக்கினார். அமெரிக்கப் புறநகரைப் பற்றிச் சொல்லப்பட்டது சுங்காய்க்கு இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது. அங்கே கூடும் இடம் குறைந்தது. இங்கே ஊரே கலைந்தது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, இரண்டாம் படிவத்தில் இருக்கும்போது பெற்றோருடன் ஜொகூருக்குக் குடிபெயர்ந்தாள். அவள் சேர்ந்த பள்ளியில் தமிழ் வகுப்பு நடக்கவில்லை. ஈராண்டு கழித்துத் தீபாவளிக்கு ஊர் வந்தபோது என்னைப் பார்க்க வந்தாள். "தமிழை மறந்துவிட்டாயா, அம்மா?" என்று கேட்டேன். அவள் கைப்பேசியை எடுத்துப் பழைய வகுப்புக் குழுவைக் காட்டினாள். ஈராண்டும் நாள் தவறாமல் அவள் அதில் தமிழில் பேசியிருந்தாள். ஆனால் ஒரு வரிகூடத் தமிழ் எழுத்தில் இல்லை. யாவும் உரோமன் எழுத்தில் இருந்தன. "இதுவும் தமிழ்தானே, சார்?" என்று கேட்டாள். நான் உடனே விடை சொல்லவில்லை. இவ்வுரையின் நடுப்பகுதி அந்தப் பிள்ளைக்கு நான் தாமதமாகச் சொல்லும் விடை.

எழுத்து மாறியது ஏன்?

நம் பிள்ளைகள் சோம்பலால் உரோமன் எழுத்தில் தமிழை எழுதுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. வரலாறு வேறாக இருக்கிறது.

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கில எழுத்தில் எழுதினால் அதற்குள் 160 எழுத்துகள் அடங்கும். தமிழ் போன்ற மொழிகளை ஒருங்குறியில் எழுதினால் 70 குறியிடங்களே அடங்கும். அந்த எழுபதிலும் நமக்கு இன்னொரு நெருக்கடி உண்டு. 'வணக்கம்' என்னும் சொல்லில் நாம் எண்ணுவது ஐந்து எழுத்து. ஆனால் க் என்பதிலும் ம் என்பதிலும் புள்ளிக்குத் தனி இடம் தேவைப்படுவதால், கணினி எண்ணுவது ஏழு. ஆகவே அதே காசுக்கு ஆங்கில எழுத்தில் சொல்லக்கூடியதில் பாதியைக்கூடத் தமிழ் எழுத்தில் சொல்ல இயலாமல் இருந்தது. போதாக்குறைக்கு, அந்நாளைய கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்தே தெரியாது. அனுப்பியவர் தமிழில் அனுப்பினால், பெற்றவர் கட்டங்களைப் பார்த்தார். உரோமன் எழுத்து அந்நாளில் தேவையினால் பிறந்த வழக்கம்.

அந்தத் தடையை உடைத்தவர்களுள் முதன்மையானவர் நம் நாட்டவரே என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கணினியில் தமிழ் எழுத முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன், கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்பச் செல்லினம் என்னும் செயலியை உருவாக்கினார். அது 2005-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. எட்டாண்டுகள் கழித்து, 2013-இல், ஐபோனின் ஐஓஎஸ் 7 இயங்குதளம் அஞ்சல், தமிழ்99 ஆகிய இரண்டு தமிழ் விசைமுகங்களுடனேயே வந்தது. இன்று ஏறத்தாழ எல்லாத் திறன்பேசிகளிலும் தமிழ் உண்டு. புலனத்தில் 160 எழுத்து வரம்பு இல்லை. செய்திக்குச் செய்தி காசும் இல்லை.

தடை நீங்கிவிட்டது, வழக்கம் நீங்கவில்லை. காரணம் எளியது. விசைமுகத்தை எப்படி இயக்குவது என்று யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவில்லை. அண்ணன் உரோமன் எழுத்தில் எழுதினான், தம்பியும் எழுதுகிறான். குழுவில் பத்துப் பேர் அப்படி எழுதும்போது, ஒருவன் மட்டும் தமிழ் எழுத்தில் எழுதினால், 'வாத்தியார்' என்று கேலி செய்கிறார்கள். பதினைந்து வயதில் கேலியைத் தாங்குவது எளிதன்று.

உரோமன் எழுத்தில் இழப்பு என்ன?

இழப்பு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. லகர, ளகரங்கள் அதில் வேறுபாடின்றி ஒன்றாகின்றன. நகர, னகர, ணகரம் மூன்றும் ஒன்றாகின்றன. ரகரமும் றகரமும் ஒன்றாகின்றன. கல், கள், கால் மூன்றும் ஒரே வடிவம் பெறக்கூடும். இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் ஐந்தாண்டு அப்படி எழுதிய கை, எஸ்.பி.எம். தேர்வில் 'பள்ளி'க்கும் 'பல்லி'க்கும் இடையே தயங்குகிறது. கட்டுரை திருத்தும் ஆசிரியர்கள் இதை நன்கறிவர்.

அதே நேரத்தில் எஞ்சியிருப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். அந்த மாணவியின் குழுவில் இருந்த தமிழ், தோட்டத்துத் தமிழ். தாத்தாவின் சொற்கள் அதில் இருந்தன. கேலியும் சினமும் ஆறுதலும் தமிழில் இருந்தன. இடையிடையே மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் வந்தன. மூன்று மொழிகள் புழங்கும் நாட்டில் வாழும் பிள்ளை அப்படித்தான் பேசும். தட்டச்சு செய்ய அலுத்தபோது குரல் பதிவு அனுப்பினார்கள். அவை முழுத் தமிழ். ஜொகூரில் அவளைச் சுற்றித் தமிழ் இல்லாத ஈராண்டில், அவளுடைய தமிழைக் காத்தது அந்தக் குழு ஒன்றுதான்.

இங்கே நாம் எதை இழக்கக்கூடும் என்பதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசியப் பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்தப்படலாம். சிற்றூர்ப் பள்ளிகளில் அந்தப் பதினைந்தைச் சேர்ப்பதே சில ஆண்டுகளில் போராட்டமாகிறது. சேர்ந்தாலும் வகுப்பு பள்ளி நேரத்திற்குப் பின் நடக்கும், பேருந்து போய்விடும். தமிழ் நாளிதழ்களும் குறைந்து வருகின்றன. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இன் தொடக்கத்தில் நின்றுபோனது. மாணவர் மணிமன்றத்தில் எழுதிய தலைமுறைக்கு இருந்த பக்கங்கள் இந்தத் தலைமுறைக்கு இல்லை. ஆதலால், பன்னிரண்டு வயதுக்குப் பின் பல தமிழ்ப் பிள்ளைகள் தாமாக விரும்பித் தமிழை எழுதும் ஒரே இடமாக எஞ்சியிருப்பது கைப்பேசித் திரை. அந்த இடத்தில் அவர்கள் எழுதுவதைக் கண்டு நாம் நகைத்தால், அவர்கள் தமிழ் எழுத்துக்குத் திரும்ப மாட்டார்கள், ஆங்கிலத்திற்குப் போய்விடுவார்கள். உரோமன் எழுத்தில் எழுதும் பிள்ளை இன்னும் தமிழ் எல்லைக்குள் நிற்கிறது. அதைக் கையைப் பிடித்து உள்ளே அழைக்க வேண்டும்.

எல்லாரும் இணைந்திருக்கிறார்களா?

இணையம் எல்லாரையும் இணைக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, அந்தச் சொல்லின் உண்மை சோதிக்கப்பட்டது. பள்ளிகள் மூடின. பாடம் புலனத்திற்கு வந்தது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு கைப்பேசி. அந்தக் கைப்பேசியும் வேலைக்குப் போன தந்தையின் சட்டைப் பையில். காலையில் அனுப்பிய பாடத்திற்கு இரவு பத்து மணிக்கு விடை வந்தது. அது சோம்பல் என்று முதல் வாரத்தில் நானும் எண்ணியதுண்டு. காரணம் தெரிந்தபின் வெட்கப்பட்டேன். அந்த ஆண்டு சபாவில் ஒரு மாணவி, அலைவரிசை கிடைக்காததால் மரத்தின்மேல் அமர்ந்து தேர்வு எழுதியதை நாடே பார்த்தது. செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் வீடுகளிலும் அலைவரிசை தேடி மேட்டுக்கும் சாலையோரத்திற்கும் போன பிள்ளைகள் உண்டு.

அன்று பாடத்தை மட்டும் அவர்கள் இழக்கவில்லை. வகுப்புத் தோழரின் கேலியையும் துணையையும் இழந்தார்கள். குழுவில் இல்லாத பிள்ளைக்குத் திடலும் இல்லை, திரையும் இல்லை. ஆகவே ஒரு வகுப்புச் செய்தியைப் புலனத்தில் மட்டும் அறிவித்துவிட்டு எல்லாருக்கும் தெரிவித்ததாக நாம் கருதக் கூடாது.

திரையின் இருண்ட பக்கம்

தொடர்பின் நன்மையை இதுவரை பேசினேன். அதன் தீமையைப் பேசாவிட்டால் இவ்வுரை நேர்மையாக இராது.

நம் முன்னோர் சொல்லின் கொடுமையை நன்கறிந்தவர்கள். திருக்குறளில் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரம், பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரம், இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. அக்காலத்துப் புறங்கூறல் ஓர் ஊரின் எல்லையில் நின்றது. நாளடைவில் மறந்தும் போனது. இன்றைய புறங்கூறல் படமாகப் பிடிக்கப்பட்டு, நூறு குழுக்களுக்குச் சென்று, அழிக்க முடியாமல் தங்கிவிடுகிறது. முன்பு பகடிவதைக்கு ஆளான பிள்ளை, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் ஓய்வு கிடைக்கும். இன்று பகடிவதை தலையணைக்கடியில் அதிர்கிறது.

2024 ஜூலையில் கோலாலம்பூரில், இணையப் பகடிவதைக்கு ஆளான தமிழ்ப் பெண் ஒருவர் உயிர் துறந்தார். நம் மொழியிலேயே அவர்மீது வசைகள் எறியப்பட்டன. அதில் தொடர்புடைய ஒருவருக்கு முதலில் விதிக்கப்பட்ட தண்டனை 100 ரிங்கிட் அபராதம். நாடு அதிர்ந்தது. அதன் விளைவாகத் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, பகடிவதையைத் தனிக் குற்றமாக்கும் பிரிவுகள் 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. ஆஸ்திரேலியா, 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. அத்தகைய வயது வரம்பைக் கொண்டுவரும் எண்ணத்தை நம் அரசும் 2025-இல் அறிவித்தது.

சட்டம் வேண்டும். ஆனால் சட்டம் வருவது காயத்திற்குப் பின். காயத்திற்கு முன்னே அங்கிருப்பவர்கள் வகுப்புத் தோழர்கள். மாணவச் செல்வங்களே, ஒரு குழுவில் ஒருவரை இகழ்ந்து படம் வந்தால், அதை அனுப்பியவர் ஒருவர். பார்த்துச் சிரித்தவர் பத்துப் பேர். பேசாமல் இருந்தவர் இருபது பேர். அந்த இருபதில் ஒருவர் "இது வேண்டாம்" என்று ஒரு வரி எழுதினால் போதும். குழுவில் எழுதத் தயக்கமாக இருந்தால், இகழப்பட்டவருக்குத் தனியே ஒரு செய்தி அனுப்புங்கள். தாங்க முடியாத துயரில் இருப்பவர் யாராயினும், நம்பத்தகுந்த ஆசிரியரிடமோ உறவினரிடமோ சொல்லுங்கள். 15999 என்னும் தாலியான் காசே எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை தனக்கு நேர்ந்த பகடிவதையை வீட்டில் சொல்லாமைக்குப் பெருங்காரணம், "சொன்னால் கைப்பேசியைப் பிடுங்கிவிடுவார்கள்" என்னும் அச்சம். அடிபட்டவனிடமிருந்தே அவனுடைய தோழர்களையும் பறிப்பது அது. முதலில் கேளுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

செய்யத்தக்கவை

மூன்று செயல்களை உங்கள் முன் வைக்கிறேன். மூன்றுக்கும் பெரும்பணம் தேவையில்லை.

முதலாவது, ஆறாம் ஆண்டு மாணவர் தமிழ்ப்பள்ளியை விட்டுப் போகுமுன், தமிழ் விசைமுகத்தில் எழுதக் கற்றிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் போதும். கணினி அறையிலோ, பெற்றோர் சந்திப்பு நாளில் பெற்றோரின் கைப்பேசியிலோ கற்பிக்கலாம். அஞ்சல் விசைமுகத்தில் ஒரு வசதி உண்டு. பிள்ளைகள் இன்று உரோமன் எழுத்தில் எப்படித் தட்டுகிறார்களோ, ஏறத்தாழ அப்படியே தட்டினால் திரையில் தமிழ் எழுத்து வரும். சிறிய எல் தட்டினால் லகரம். பெரிய எல் தட்டினால் ளகரம். எது வேண்டும் என்று எழுதுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே ஒவ்வொரு செய்தியும் ஒரு சிறு எழுத்துப் பயிற்சியாகிறது. நாம் குறையென்று கருதிய பழக்கமே படியாகிறது.

இரண்டாவது, பிள்ளைகள் எழுதுவதற்கு ஒரு காரணம் கொடுக்க வேண்டும். நம் வட்டாரத்துத் தோட்ட வாழ்வை அறிந்த முதியவர்கள் குறைந்து வருகிறார்கள். பெரட்டு, ஒட்டுப்பால், கிராணி, தண்டல் என்னும் சொற்களை வாழ்ந்து அறிந்தவர்கள் அவர்கள். படிவம் மூன்று மாணவர் ஒருவர் தம் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டு, விடையைக் குரல் பதிவாக்கி, அதைத் தமிழ் எழுத்தில் பத்து வரியாக எழுதிக் குழுவில் இடட்டும். பேச்சு எழுத்தாகும், கைப்பேசி பாட்டியையும் பேத்தியையும் ஒரே பாயில் உட்கார வைக்கும்.

அவற்றைக் குழுவிலேயே விட்டுவிடாமல் வேறிடத்தில் சேமித்தும் வையுங்கள். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நம் இளையோர் கூடிய இடம் பிரண்ட்ஸ்டர். 2009-இன் இறுதியில் அதை மலேசிய நிறுவனம் ஒன்றே வாங்கியது. 2011-இல் அது விளையாட்டுத் தளமாக மாற்றப்பட்டபோது, பயனர்களின் படங்களும் செய்திகளும் நீக்கப்பட்டன. 2015-இல் தளமே ஓய்ந்தது. ஒரு தலைமுறையின் நட்பு மொழிகள் அதோடு போயின. அஞ்சலட்டையைப் பெட்டியில் வைத்தவர்களிடம் இன்னும் அது இருக்கிறது. அயலார் வீட்டுச் சுவரில் எழுதியவர்களிடம் இல்லை.

மூன்றாவது ஆசிரியர்களுக்கு. மாணவர் உரோமன் எழுத்தில் செய்தி அனுப்பினால், திருத்தாமல், கடியாமல், தமிழ் எழுத்தில் விடை அனுப்புங்கள். அவ்வளவுதான். நான் செய்து பார்த்தது இது. முதல் மாதம் ஒன்றும் மாறாது. பிறகு ஒரு நாள் 'நன்றி சார்' என்று தமிழ் எழுத்தில் வரும். அன்று அதைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள். அடுத்த நாள் இரண்டு வரி வரும்.

நிறைவாக

"இதுவும் தமிழ்தானே, சார்?" என்று கேட்ட அந்த மாணவிக்கு என் விடை இது. ஆம், அம்மா, அது தமிழ்தான். நீ தனித்திருந்த ஊரில் உன்னைக் காத்த தமிழ். ஆனால் அதற்கு அதன் சொந்த எழுத்தை நீ திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த எழுத்து உன் கைப்பேசிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று உனக்குக் காட்டாதது எங்கள் பிழை.

அன்று மாலை அவள் புறப்படுமுன், அஞ்சல் விசைமுகத்தைத் திறந்து காட்டினேன். தன் பெயரைத் தட்டிப் பார்த்தாள். பிறகு குழுவில் ஒரே ஒரு வரி எழுதினாள்: 'நான் சுங்காயில் இருக்கிறேன், யார் யார் வருகிறீர்கள்?' சற்று நேரத்தில் வாசலில் மூன்று மிதிவண்டிகள் வந்து நின்றன.

தோட்டம் இருந்த காலத்தில் குரல் கொடுத்தால் வந்தார்கள். இன்று திரையில் எழுதினால் வருகிறார்கள். அவர்கள் வருகிறார்கள் என்பதே பெரிது. அவர்களை அழைக்கும் சொல் தமிழாகவும், அது தமிழ் எழுத்திலும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் கடமை.